நிறங்களின் வரலாறு – 6: சாயவேர், கள்முட்டி, பியர் ஆலை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சாயவேர் தோண்டுதலும் கள் இறக்குதலும் வெவ்வேறு மக்களின் தொழில்களாக வெவ்வேறு நிலங்களில் நடந்துவந்தன. சாயவேர் மன்னாரிலும் தீவுகளிலும் கடலோர மணற்பாங்கிலும் தோண்டப்பட்டது. கள்ளோ உடுவில், சுன்னாகம், இணுவில், மானிப்பாய் முதலிய உள்நிலத்து ஊர்களின் பனை வளவுகளில் இறக்கப்பட்டது. ஒன்றையொன்று தொடாத இவ்விரு தொழில்களின் இரசாயனமும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரே வட்டத்து மனிதர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. உலகின் செயற்கைச் சாயங்களுள் மிகப் பெரிய பிரிவுக்கு வழிவகுத்த தாக்கத்தைக் கண்டறிந்தவர், அதன்பின் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு பியர் ஆலையின் சம்பளத்தில் கழித்தார். ஒல்லாந்தர் காலச் சாயவேர் ஏகபோகத்தைச் சென்ற பகுதி விரித்துரைத்தது. அந்த வேரைச் சந்தையிலிருந்து அகற்றிய சாயங்கள் பியர் ஆலைகளோடு எவ்வாறு பிணைந்து வளர்ந்தன என்பதையும், வேரும் கள்ளும் இருந்த குடாநாட்டில் அத்தகைய பிணைப்பு ஏன் உருவாகவில்லை என்பதையும் இந்தப் பகுதி ஆராய்கிறது.

வேரும் முட்டியும்

சாயவேர் என்பது தாவரவியலார் ஒல்டன்லாண்டியா அம்பெல்லாற்றா என வகைப்படுத்தும் சிறு பூண்டின் மெல்லிய நீண்ட வேராகும். அதன் பட்டையிலுள்ள நிறப்பொருள்களுள் தலையாயது, ஐரோப்பியர் மஞ்சிட்டி இனத்து வேரொன்றிலிருந்து எடுத்த அலிசரின் என்னும் அதே பொருள். அலிசரின் தானாகப் பருத்தி நூலில் ஒட்டாது; ஆதலால் துணியை முதலில் படிகாரக் கரைசலில் தோய்த்து, அதிலுள்ள அலுமினியத்தை இழைகளில் படியவைத்த பின்னரே வேரிட்டுக் காய்ச்சிய நீரில் இறக்குவர். அலுமினியம் ஒரு புறம் நூலையும் மறு புறம் சாயத்தையும் பற்றிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே கல்சியமும் சேர்ந்தால்தான் வெயிலுக்கும் சலவைக்கும் மங்காத சிவப்பு உண்டாகும். கல்சியம் என்னும் மூலகத்தின் பெயரை அறியாதபோதும், எந்தக் கிணற்று நீரில் சிவப்பு நன்கு பிடிக்கும், எந்த நீரில் அது பழுப்பாகிவிடும் என்பதைத் தமிழ்நாட்டுக் கரையோரச் சாயக்காரர் பரம்பரைப் பயிற்சியால் அறிந்திருந்தனர்.

இந்த வேரின் பெறுமதியை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி நன்கு உணர்ந்திருந்தது. யாழ்ப்பாணப்பட்டினத்தின் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டகுரோன் 1697இல் தமக்குப் பின் நிர்வகிப்போருக்காக எழுதிவைத்த குறிப்பேட்டில், யானை, பனை, முத்து ஆகியவற்றோடு சாயவேரும் கம்பனியின் வருவாய்க்குரிய பொருளாக இடம்பெறுகிறது. வேர் தோண்டுவதை ஊழியக் கடமையாகக் கொண்ட மக்கள் குறித்த அளவு வேரைக் குறித்த விலைக்குக் கம்பனியிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. பின்வந்த பிரித்தானியரும் அந்த ஏற்பாட்டைச் சில காலம் தொடர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அதைக் கைவிட்டனர்.

கள்ளின் இரசாயனமும் இதற்குக் குறைந்த நுட்பமுடையதன்று. பனம்பாளையைச் சீவியதும் வடியும் சாறு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரையைக் கொண்டது. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் தங்கியிருக்கும் மதுவம், அதாவது சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும் நுண்ணுயிர், அச்சாற்றில் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். சீவல் தொழிலாளி முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்து மதுவம் அடங்கிவிடுகிறது. அப்போது கிடைப்பது கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு தடவாத முட்டியில் கிடைப்பது கள். ஒரே பாளையிலிருந்து உணவையும் போதையையும் தனித்தனியே பெறும் இந்த முறை, நொதித்தலைத் தொடக்கவும் தடுக்கவும் தெரிந்த ஒரு தேர்ந்த அறிவாகும்.

நொதித்தலும் சாயமும் நேரடியாகச் சந்தித்த இடமும் தமிழரின் தொழில்களுக்குள் இருந்தது. அவுரி இலையிலிருந்து பெறப்படும் நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் நூலுக்குள் புகாது. ஆகவே தென்னிந்தியச் சாயக்காரர் நீலத்தைச் சுண்ணாம்பு நீரோடு தாழியிலிட்டு, அவித்த தகரை விதையைச் சேர்த்து, சில நாள் புளிக்கவைத்தனர். விதையில் பெருகும் நுண்ணுயிர்கள் நீலத்துக்கு ஐதரசனைக் கொடுத்து, அதை மஞ்சட்பச்சை நிறமுடைய கரையும் பொருளாக மாற்றும். இரசாயனவியலில் இது தாழ்த்தல் எனப்படும். அந்தத் தாழியில் தோய்த்த நூலை வெளியே எடுத்துக் காற்றில் விரித்தால், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுக் கண்முன்னே பச்சை மறைந்து நீலம் திரும்பும். சாயத் தொழில் நுண்ணுயிர்களின் உதவியோடு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஹொஃப்மனின் மாணவர்கள்

இலண்டனில் 1845இல் திறக்கப்பட்ட அரச இரசாயனவியல் கல்லூரியின் தலைவராக, ஜேர்மனியின் கீசன் நகரில் இரசாயனவியலாளர் லீபிக்கிடம் பயின்ற ஒகஸ்ட் வில்ஹெல்ம் ஹொஃப்மன் வந்து சேர்ந்தார். நிலக்கரியிலிருந்து விளக்கு வாயு எடுத்த பின் எஞ்சும் தாரில் அடங்கிய பென்சீன், அனிலீன் போன்ற பொருள்களை ஆராய்வதே அவருடைய முதன்மை நாட்டம். அவருடைய மாணவரான வில்லியம் ஹென்றி பேர்கின் 1856இல், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது கிடைத்த கரிய வீழ்படிவிலிருந்து ஊதாச் சாயத்தைப் பிரித்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது 18. செயற்கைச் சாயத் தொழிலின் தொடக்கமாக வரலாற்று நூல்கள் இதனையே கொள்கின்றன.

அதே ஹொஃப்மனுக்குப் பியர் உற்பத்தியாளரோடு இருந்த தொடர்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்ட்டன் நகரின் ஆல்சொப் ஆலை, இரஷ்யச் சந்தையை இழந்த நிலையில், 1820களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கென வெளிர் நிறக் கசப்புப் பியரைக் காய்ச்சத் தொடங்கியது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறிய அந்தப் பானம் பேர்ட்டனின் செல்வத்தைப் பெருக்கியது. 1852இல், அந்தக் கசப்பு ஸ்ட்ரிக்னைன் என்னும் எட்டி விதை நஞ்சைச் சேர்ப்பதால் வருவது என்ற செய்தி பிரான்சிலிருந்து பரவியபோது, ஆல்சொப் நிறுவனம் ஹொஃப்மனையும் இன்னொரு இரசாயனவியலாளரான தோமஸ் கிரஹாமையும் அழைத்துத் தன் பியரைப் பகுத்தாராயச் செய்தது. நஞ்சு சிறிதும் இல்லை என அவர்கள் அறிவித்தனர். லீபிக்கின் மாணவரான ஹென்றி பொட்டிங்கர் அவ்வாலையிலேயே இரசாயனவியலாளராகப் பணியாற்றிப் பின்னர் நிர்வாகியாகவும் உயர்ந்தார்.

இரசாயனவியலாளரை வேலைக்கு வைத்திருப்பதை வெளியே சொல்ல ஆலைகள் முதலில் தயங்கின. பேர்ட்டனின் வர்திங்டன் ஆலையில் 1866இல் சேர்ந்த ஹொரஸ் பிரவுன், ஆய்வுகூடம் இருப்பது தெரிந்தால் பியரில் ஏதோ கலக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் ஐயுறக்கூடும் என நிர்வாகம் அஞ்சியதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆயினும் ஒரு தொகுதி பியர் புளித்துப்போனால் ஏற்படும் நட்டம் அந்த அச்சத்தைவிடப் பெரிதாக இருந்ததால், 1860களில் பேர்ட்டனின் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக இரசாயனவியலாளரைத் தேடின. அவர்களைப் பரிந்துரைக்கக்கூடிய இடமாக ஹொஃப்மனின் ஆய்வுகூடமே இருந்தது.

பேர்ட்டனில் கிறீஸ்

இவ்வழியில் பேர்ட்டனுக்கு வந்தவர்களுள் சாய வரலாற்றில் முதலிடம் பெறுபவர் பீற்றர் கிறீஸ். 1829இல் ஜேர்மனியின் ஹெஸ்ஸ பகுதியில் பிறந்த அவர், மார்புர்க் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலாளர் கொல்பேயின் ஆய்வுகூடத்தில் இருந்தபோது, 1858இல் புதிய வகை நைதரசன் சேர்வைகளை அறிவித்தார். அதைக் கண்ட ஹொஃப்மன் அவரை இலண்டனுக்கு அழைத்துக்கொண்டார். 1862இல் அவர் ஆல்சொப் ஆலையில் வேலைக்கு அமர்ந்து, 1888இல் இறக்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார்.

கிறீஸ் கண்ட தாக்கம் சொல்வதற்கு எளிது. அனிலீன் போன்ற ஒரு பொருளைக் குளிர்ந்த நிலையில் நைத்திரசு அமிலத்தோடு சேர்த்தால், இரு நைதரசன் அணுக்கள் அடுத்தடுத்துப் பிணைந்து நிற்கும் ஓர் உறுதியற்ற இடைப்பொருள் தோன்றும். இதுவே ஈரசோச் சேர்வை. சூடேறினால் சிதைந்தும், உலர்ந்தால் வெடித்தும்விடும் இப்பொருளைப் பனிக்கட்டிக்கிடையே வைத்துக்கொண்டு, ஃபீனோலோ இன்னொரு அமைனோ கலந்த கரைசலில் ஊற்றினால், இரு மூலக்கூறுகளும் அந்த நைதரசன் இரட்டையைப் பாலமாகக் கொண்டு இணைந்து, கணப்பொழுதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பழுப்பு என நிறம் பெறும். பாலத்தின் இரு முனைகளிலும் எந்தப் பொருளை வைப்பது என்பது ஆக்குபவரின் விருப்பம். ஆகவே இது ஒரு சாயத்தின் கண்டுபிடிப்பாக நிற்காமல், எண்ணற்ற சாயங்களை முன்கூட்டியே திட்டமிட்டு ஆக்கும் வழியாக விரிந்தது. இன்று உலகில் விற்கப்படும் செயற்கைச் சாயங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இந்த அசோ வகையைச் சேர்ந்தவை.

ஆலையில் கிறீஸின் நாளாந்தக் கடமை நீர், மோல்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி, கசப்புக்கான ஹொப்ஸ் பூ, முடிவில் வடியும் பியர் ஆகியவற்றைச் சோதிப்பதாகும். எஞ்சிய நேரத்தில் ஈரசோச் சேர்வைகளை ஆராயவும், அவற்றை இலண்டனிலும் ஜேர்மனியிலும் வெளிவந்த ஆய்விதழ்களில் எழுதவும் அவருக்குத் தடையிருக்கவில்லை. மன்செஸ்டரில் பணியாற்றிப் பின்னர் ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஆராய்ச்சியை வழிநடத்திய ஹைன்ரிக் காரோ அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கிறைசொயிடின் என்ற செம்மஞ்சள் சாயத்தைக் காரோ 1875இலும் ஒட்டோ விற் 1876இலும் தனித்தனியே ஆக்கிய பின்னர் அசோச் சாயங்கள் வெள்ளமெனப் பெருகின. பொட்டிங்கரின் மகன் ஹென்றி தியோடர் பேர்ட்டனில் 1848இல் பிறந்து, ஜேர்மனியில் பாயர் குடும்பத்தில் மணம் முடித்து, அக்குடும்பத்தின் சாய நிறுவனத்தை நடத்தியவர்களுள் ஒருவரானார். பியர் ஆலைக்கும் சாய ஆலைக்கும் இடையில் பாதை இவ்வாறு இரு திசைகளிலும் திறந்திருந்தது.

இரு தொழில்களையும் இணைத்தது ஒரு பொதுவான மூலப்பொருளன்று. பார்லியிலிருந்து சாயம் வரவில்லை, தாரிலிருந்து பியரும் வரவில்லை. தன் மூலப்பொருள் கெட்டுவிடுமோ என்று அஞ்சிய பெருந்தொழில் ஒன்று, கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்தது. அவருடைய கேள்விகள் அத்தொழிலின் எல்லையைக் கடந்தபோதும் அவரை வேலையில் வைத்திருந்தது. இணைப்பு அவ்வளவே.

வேரின் வீழ்ச்சி

1868இல் பேர்லினில் கார்ல் கிறேபவும் கார்ல் லீபர்மனும் தாரிலுள்ள அந்திரசீனிலிருந்து அலிசரினை ஆக்கினர். காரோவோடு அவர்கள் இங்கிலாந்தில் 1869 ஜூன் 25இல் காப்புரிமை கோர, பேர்கின் தம் முறைக்கு மறுநாளே கோரினார். தாவரத்திலிருந்து பெற்ற சாயமொன்று ஆய்வுகூடத்தில் அதே மூலக்கூறாக ஆக்கப்பட்டது இதுவே முதல் முறை. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பிரான்சிலும் ஒல்லாந்திலும் மஞ்சிட்டித் தோட்டங்கள் அழிந்தன. சாயவேரின் சிவப்புக்கும் அடிப்படை அதே மூலக்கூறாதலால், அதற்கும் வேறு விதி இருக்கவில்லை. மணலில் குந்தியிருந்து மயிரிழை போன்ற வேர்களை முறியாமல் தோண்டியெடுக்கும் உழைப்போடு, பீப்பாயில் வந்திறங்கும் அலிசரின் பசை விலையில் போட்டியிட்டது. அத்தோடு பிரித்தானிய ஆலைகளில் அதே சிவப்பு ஏற்றப்பட்ட நூலும் துணியும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆயத்தமாகவே வந்தன.

அலிசரின் வேரை அகற்றியபோதும் படிகாரம் இடும் முறையை அகற்றவில்லை. அதைச் செய்தது கிறீஸின் தாக்கமே. போல் பொட்டிகர் 1884இல் ஆக்கிய கொங்கோ சிவப்பு என்ற அசோச் சாயம், படிகாரமோ எண்ணெயோ இன்றிக் கொதிநீரில் கரைத்தவுடன் பருத்தியில் நேராக ஏறியது. அமிலம் பட்டால் நீலமாகிவிடும் குறை அதற்கு இருந்தும், பல நாள் எடுத்த வேலை ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கியதால் அது விலைபோயிற்று. துணிக்குப் பல தடவை படிகாரமும் எண்ணெயும் ஏற்றி, நீரின் தன்மை பார்த்து, வேரின் முதுமை பார்த்துச் சிவப்பு வரவழைத்த சாயக்காரரின் அறிவுக்கு விலையில்லாமற் போனது இந்தக் கட்டத்தில்தான்.

சாயம் பியருக்குத் திரும்புதல்

சாய இரசாயனம் பியர் ஆலைக்குப் பட்ட கடனைத் திருப்பியும் செலுத்தியது. ஹொஃப்மனின் உதவியாளராக இருந்து 1866இல் பேர்ட்டனின் பாஸ் ஆலையில் சேர்ந்த கோர்னீலியஸ் ஒசல்லிவன், முளைத்த தானியத்தின் மாப்பொருள் மோல்ற்றோசு என்ற சர்க்கரையாகிறது என்பதை 1872இல் உறுதிசெய்தார். பியர் பற்றிய பிரெஞ்சு அறிஞர் பாஸ்டரின் நூல் 1876இல் வெளிவந்து, நொதிப்பதற்கும் கெடுவதற்கும் காரணம் வெவ்வேறு நுண்ணுயிர்கள் என்பதை நிலைநாட்டியது. நுண்ணுயிரைப் பார்ப்பதற்கோ நிறம் வேண்டியிருந்தது. நிறமற்ற உயிரணு நுணுக்குக்காட்டியின் வெளிச்சத்தில் எளிதில் புலப்படாது.

காரோ 1876இல் ஆக்கிய மெதிலீன் நீலம் இத்தேவைக்குப் பொருந்தியது. மதுவம் கலந்த நீரில் ஒரு துளியோடு மெதிலீன் நீலக் கரைசலில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இறந்த அணுக்கள் கருநீலமாகவும் உயிருள்ளவை நிறமற்றும் தோன்றும். உயிருள்ள அணு தனக்குள் புகும் சாயத்தைத் தாழ்த்தி நிறமிழக்கச் செய்வதே இதற்குக் காரணம். அவுரித் தாழியில் நுண்ணுயிர்கள் நீலத்தைக் கரையவைக்கும் தாழ்த்தலும் இதே வகையைச் சேர்ந்தது. பியர் ஆலைகள் மதுவத்தின் உயிர்ப்பை அறிய இந்தச் சோதனையை இன்றும் செய்கின்றன.

உடுவிலிலிருந்து பார்க்கும்போது

இதே ஆண்டுகளில் உடுவிலில் அமெரிக்க மிஷன் நிலையமும், 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையும் நன்கு வேரூன்றியிருந்தன. அண்டையிலுள்ள மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியில் உருவான 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. கிறைசொயிடின் பிறந்த ஆண்டும் அதுவே. இரசாயனத்தைத் தமிழில் படிக்கக்கூடிய இளைஞர் குடாநாட்டில் இருந்தனர். ஆராய்வதற்குரிய பொருள்களும் வேரிலும் முட்டியிலும் இருந்தன. இரண்டையும் சேர்த்துவைக்கும் பதவி ஒன்றுதான் இருக்கவில்லை.

அதற்கான காரணத்தை அவ்விரு தொழில்களின் வருவாய் போன வழியில் காணலாம். சாயவேரின் ஆதாயம் கம்பனிக்கும் பின்னர் அரசுக்கும் போனது. கள், சாராயம் விற்கும் உரிமையைப் பிரித்தானிய அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. 1912இல் மதுவரிச் சட்டம் அந்த ஏற்பாட்டை மாற்றியமைத்தபோதும் அரசின் நோக்கம் வரியாகவே இருந்தது. மிஷனரிமாருக்குக் கள் பாவம். அரசுக்கு அது வருமானம். குத்தகைக்காரருக்கு ஏலத்தொகைக்கு மேல் கிடைக்கும் மிச்சம். கள் ஏன் ஒரு நாளில் புளித்துவிடுகிறது என்று கேட்பவருக்குச் சம்பளம் கொடுக்க இம்மூவருக்கும் தேவை எழவில்லை. தேவை இருந்த சீவல் தொழிலாளரிடமும் வேர் தோண்டுவோரிடமும் பணம் இருக்கவில்லை. சாதி அமைப்பு அவர்களைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்தியிருந்ததால், முட்டியை அறிந்தவரும் புத்தகத்தை அறிந்தவரும் ஒருவராக இருக்கும் வாய்ப்பும் அரிதாயிற்று. பனைக்கெனத் தனி அபிவிருத்திச் சபை 1978இல்தான் அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பனங்கள்ளும் பனம்பழமும் உயிரிரசாயன ஆய்வுக்குப் பொருளானது கிறீஸ் பேர்ட்டனில் பதவியேற்று ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே.

பேர்ட்டனுக்கும் உடுவிலுக்கும் பொதுவானது நிலத்தடி நீர். பேர்ட்டனின் கிணறுகளில் கல்சியம் சல்பேற்று மிகுந்திருந்ததே அதன் வெளிர் பியருக்குத் தெளிவையும் கசப்பின் கூர்மையையும் தந்தது. உடுவிலின் கிணறுகளோ சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரை நம்பியவை. செம்மண்ணில் இடும் யூரியாவும் மாட்டெருவும், மலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அந்த இடுக்குகள் வழியே எளிதில் நீரை அடைவதால், உடுவிலை உள்ளடக்கிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

இந்த நைத்திரேற்றை அளக்கும் வழிகளுள் பரவலான ஒன்று கிறீஸின் பெயரையே தாங்கி நிற்கிறது. கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றைக் கட்மியத்தால் நைத்திரைற்றாகத் தாழ்த்தி, அமிலத்தில் சல்பனிலமைட்டைச் சேர்த்தால் ஈரசோச் சேர்வை உண்டாகிறது. அதோடு நப்தலீன் வகை அமைன் ஒன்றைச் சேர்த்ததும் நீர் இளஞ்சிவப்பாகிறது. நிறத்தின் செறிவைக் கருவியில் அளந்தால் நைத்திரேற்றின் அளவு தெரிந்துவிடுகிறது. கிறீஸ் 1879இல் இச்சோதனையின் முதல் வடிவை வெளியிட்டார். நீரைச் சோதிப்பது அவருடைய ஆலைக் கடமை, ஈரசோத் தாக்கம் அவருடைய சொந்த ஆராய்ச்சி. இரண்டும் ஒரே பரிசோதனைக் குழாயில் கூடிய இடம் இது. சோதனைக் குழாயில் தோன்றும் அந்த இளஞ்சிவப்பும் ஓர் அசோச் சாயமே.

அவுரியின் நீலம் செயற்கையாகிச் சந்தைக்கு வந்த 1897ஆம் ஆண்டையும், அதனால் தமிழ்நாட்டு அவுரி வயல்களுக்கு நேர்ந்ததையும் அடுத்த பகுதி எடுத்துக்கொள்ளும்.